காயலாங்கடை மைதானங்கள்: ஒரு சிறு வரலாறு

போன வருடம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், எங்கள் குடியிருப்பில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மங்கி பாரிலிருந்து விழுந்துவிட்டான். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்றைக்கு ராத்திரியே வாட்ஸப் குழுவில் அறுபது எழுபது செய்திகள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டம். நான் கமிட்டியில் இருக்கிறேன். "எதுக்கு சார் ரிஸ்க்? எடுத்துடலாம்" என்று ஒருவர் சொன்னார். பத்து நிமிடத்தில் விஷயம் முடிந்தது. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். செவ்வாய்க்கிழமை வெல்டிங் கடையிலிருந்து ஆள் வந்து அறுத்து எடுத்துக்கொண்டு போனார்.

இந்தக் கட்டுரை அந்தக் கையைத் தூக்கியதைப் பற்றியது. ஆனால் அதற்கு நான் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். 1943ஆம் வருடத்து கோபன்ஹேகன் வரை போக வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் பார்க்கிறேன், மைதானத்தில் யாரும் இல்லை. ஊஞ்சல் சும்மா தொங்குகிறது. பிள்ளைகள் எல்லாம் சி பிளாக்குக்குப் பின்னால். அங்கே யாரோ வீட்டைப் புதுப்பித்ததில் மிஞ்சிய டைல்ஸ், ஒடித்த கதவு நிலை, ஒரு குவியல் மணல், பெயிண்ட் டப்பாக்கள். அதை வைத்துக்கொண்டு ஏதோ கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுப் போட்ட பையன் மணல் குவியலின் உச்சியில் நின்று ஒரு கையால் கட்டளை போட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் டைல்ஸ் துண்டுகளைச் சுமந்துகொண்டிருந்தாள். நான் ஒரு சத்தம் போட்டேன். எல்லோரும் ஓடிவிட்டார்கள்.

அன்று ராத்திரிதான், பிள்ளைகள் ஏன் மைதானத்தை விட்டுவிட்டு இடிபாட்டில் விளையாடுகிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். இதே கேள்வியைத் தொண்ணூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

சோரன்சன் பார்த்தது

கார்ல் தியோடர் சோரன்சன் (1893–1979) டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளர். பூங்கா, தோட்டம், மைதானம் அமைப்பது அவர் தொழில். இருபதாம் நூற்றாண்டில் அந்த நாட்டில் அந்தத் தொழிலின் பெரிய பெயர்களில் ஒன்று. குழந்தைகளுக்கான விளையாட்டு மைதானங்களையும் அமைத்தார். அமைத்துவிட்டுப் போய் நின்று பார்த்தபோது ஒன்று கவனித்தார். அவர் பார்த்துப் பார்த்து அமைத்த மைதானத்தைவிட, கட்டடம் கட்டுகிற இடத்தில், வேலையாட்கள் வீட்டுக்குப் போனபிறகு மிச்சம் கிடக்கும் பலகை, செங்கல், கயிறு இவற்றோடுதான் பிள்ளைகள் ஆழ்ந்து விளையாடுகிறார்கள்.

நம்மில் பலர் அந்த இடத்தில் என்ன செய்வோம்? வேலி போடுவோம். சோரன்சன் 1931இல் பூங்காக் கொள்கை பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரு யோசனையைச் சொன்னார். பழைய கார், பெட்டிகள், மரக்கட்டைகள் எல்லாம் போட்டு பிள்ளைகளிடம் ஓர் இடத்தைக் கொடுத்துப் பார்த்தால் என்ன? டேனிஷ் மொழியில் அதற்கு 'ஸ்க்ராமெல்' மைதானம் என்று பெயர். ஸ்க்ராமெல் என்றால் தட்டுமுட்டு, ஓட்டை உடைசல். மெட்ராஸ்காரன் நான் அதைக் காயலாங்கடை மைதானம் என்றுதான் மொழிபெயர்ப்பேன்.

யோசனை பன்னிரண்டு வருடம் காகிதத்திலேயே கிடந்தது. அது நிஜமானது ஒரு விசித்திரமான நேரத்தில். 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்துக்கொண்டது. ஊரடங்கு, தட்டுப்பாடு, தெருவில் பட்டாளம். அந்த நிலைமையில், 1943 ஆகஸ்ட் மாதம், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் ஒரு தொழிலாளர் கூட்டுறவு வீட்டுச் சங்கம், தான் கட்டிய குடியிருப்பை ஒட்டி முதல் காயலாங்கடை மைதானத்தைத் திறந்தது. ஆமாம், ஒரு அசோசியேஷன்தான் திறந்தது. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

ஏன் அப்போது? போர்க்காலத்துப் பிள்ளைகள் கட்டுக்கடங்காமல் போய்க்கொண்டிருந்தார்கள் என்ற கவலை ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பெரியவர்கள் ரயில் தண்டவாளத்தையும் தொழிற்சாலையையும் தகர்ப்பதை வீரம் என்று ஊரே மெச்சும்போது, பையன் ஒருவன் ஜன்னல் கண்ணாடியை உடைத்தால் அவனிடம் அது தப்பு என்று எப்படிச் சொல்வது? உடைக்கத் துடிக்கும் கைக்குக் கட்டுவதற்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும்.

பெர்டெல்சனின் வேலை

எம்ட்ரப்பில் ஊஞ்சல் இல்லை, சறுக்குமரம் இல்லை. சுற்றிலும் மண்மேடு எழுப்பி மேலே வேலி. உள்ளே செங்கல், பலகை, கம்பம், சிமெண்ட் தூண். சுத்தியல், ரம்பம், மண்வெட்டி. அப்புறம் ஒரே ஒரு பெரியவர். அவர் பெயர் ஜான் பெர்டெல்சன். முன்பு கப்பலில் வேலை பார்த்தவர், பிறகு சிறுபிள்ளைகளுக்கான ஆசிரியர் பயிற்சி பெற்றவர்.

பெர்டெல்சன்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள். அவர் தன் வேலையை விவரித்த விதம் வேடிக்கையானது. பிள்ளைகளுக்கு நான் எதையும் கற்றுக்கொடுக்கப் போவதில்லை, கற்றுக்கொடுக்கவும் கூடாது என்பது அவர் கட்சி. என்ன செய்வது என்ற யோசனை பிள்ளைகளிடமிருந்து வர வேண்டும். அதற்கு வேண்டிய சாமானை, கருவியை, நேரத்தைப் பார்த்துக்கொள்வது பெரியவரின் வேலை. கேட்டால் உதவ வேண்டும். கேட்காவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இந்தத் துறைக்கு 'ஸ்க்ராமலாஜி' என்று பாதி விளையாட்டாக ஒரு பெயரும் வைத்தார்.

கையைக் கட்டிக்கொண்டு நிற்பது சுலபம் என்று நினைத்தால் முயன்று பாருங்கள். எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை சொல்லிக்கொடுக்கும்போது எனக்கு இருக்கும் பெரிய கஷ்டமே அதுதான். அவர்கள் தப்பான கட்டளையைத் தட்டச்சு செய்வது தெரிகிறது. விரல் துடிக்கிறது. கீபோர்டைப் பிடுங்காமல் இருப்பதற்குப் பதினைந்து வருட அனுபவம் வேண்டியிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை ரம்பத்தைப் பிடிக்கும்போது எத்தனை வருட அனுபவம் வேண்டுமோ!

பல வருடம் கழித்து சோரன்சன் இந்த மைதானத்தைப் பற்றிச் சொன்னதன் சாரம் இது: நான் உருவாக்க உதவியவற்றிலேயே பார்க்க அசிங்கமானது இதுதான், ஆனால் எனக்கு என் வேலைகளிலேயே அழகானதும் இதுதான். எம்ட்ரப் மைதானம் இன்றும் இருக்கிறது.

குண்டு விழுந்த இடத்தில்

இந்த யோசனை டென்மார்க்கை விட்டு வெளியே போனதற்கு ஒரு பெண்மணி காரணம். மார்ஜரி ஆலன் (1897–1976), லேடி ஆலன் ஆஃப் ஹர்ட்வுட் என்று அறியப்பட்டவர். இவரும் நிலவடிவமைப்பாளர்தான். ஏற்கெனவே குழந்தைகளுக்காகச் சண்டை போட்டுப் பெயர் வாங்கியவர். அநாதை விடுதிகளில் பிள்ளைகள் படும் பாட்டைப் பற்றி 1944இல் டைம்ஸ் பத்திரிகைக்கு அவர் எழுதிய கடிதம் ஒரு விசாரணைக் குழுவில் போய் முடிந்து, 1948ஆம் வருட பிரிட்டிஷ் குழந்தைகள் சட்டத்துக்கு வழி செய்தது.

1946இல் நார்வே பயணத்தின்போது அவருக்கு கோபன்ஹேகனில் கொஞ்ச நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில் எம்ட்ரப்பைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்ததும், அதே வருடம் நவம்பரில், பிக்சர் போஸ்ட் வார இதழில் படங்களோடு ஒரு கட்டுரை எழுதினார். நம் ஊரில் குண்டு விழுந்து காலியாகக் கிடக்கும் மனைகளை இப்படிப் பயன்படுத்தினால் என்ன என்பது கேள்வி. லண்டனில் அப்போது அப்படிப்பட்ட மனைகளுக்குப் பஞ்சமே இல்லை. பிள்ளைகள் எப்படியும் அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தார்கள், யாரிடமும் கேட்காமல்.

1948இல் கேம்பர்வெல்லில், குண்டுவீச்சில் அழிந்த ஒரு சர்ச் இருந்த இடத்தில் முதல் மைதானம் வந்தது. அப்புறம் நார்த் கென்சிங்டனில் கிளைட்ஸ்டேல் சாலை, லாம்பெத்தில் லொல்லார்ட் என்று வரிசையாக வந்தன. லொல்லார்ட் இருந்தது குண்டுவீச்சில் போன ஒரு பள்ளிக்கூடத்தின் மனையில். பள்ளிக்கூடம் இடிந்த இடத்தில் பிள்ளைகள் குழி வெட்டி, குடிசை கட்டி, நெருப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கம்பக்கத்தாருக்குப் பிடித்ததா? பிடிக்கவில்லை. பார்க்கக் கண்றாவியாக இருக்கிறது, சத்தம், புகை என்று புகார்கள். மனைகளும் நிரந்தரமில்லை. கட்டடம் கட்ட ஆள் வந்ததும் காலி செய்ய வேண்டும். கேம்பர்வெல் சில வருடத்தில் மூடப்பட்டது. மற்ற இரண்டும் நிலைக்கவில்லை. 'காயலாங்கடை' என்ற பெயரும் நகராட்சிகளுக்கு உறுத்தியது. 1950களின் தொடக்கத்தில் 'அட்வென்ச்சர் பிளேகிரவுண்ட்', அதாவது சாகச மைதானம் என்று மாற்றினார்கள். பெயர் மாற்றியதும் பணம் கிடைப்பது கொஞ்சம் சுலபமானது. எங்கள் துறையிலும் இதே கதைதான்!

மனம் ஒடிவதைவிட எலும்பு ஒடிவது மேல் என்ற பொருளில் ஒரு வாசகம் லேடி ஆலன் பெயரில் உலாவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் எதிரே ஒரு நிஜமான ஒடிந்த எலும்பு இருந்ததால் எனக்கு அந்த வாசகம் போதவில்லை.

மினியாபொலிஸில் நடந்தது

அமெரிக்காவில் 1949இல் மினியாபொலிஸ் நகரில், மெக்கால்ஸ் பத்திரிகையின் ஆதரவில் 'தி யார்ட்' என்று ஒரு மைதானம் ஒரு வருடச் சோதனையாகத் தொடங்கியது. இதன் ஆரம்ப நாட்களின் கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

பலகை, ஆணி, கருவி எல்லாம் குவித்து வைத்துப் பிள்ளைகளைத் திறந்துவிட்டார்கள். என்ன ஆயிற்று? அவனவன் தனக்கென்று வேண்டியதை வாரிக்கொண்டான். யார் வீடு பெரிது என்று போட்டி. பலகையைப் பதுக்கினார்கள், ஒருவன் பதுக்கியதை இன்னொருவன் திருடினான். கருவிகள் காணாமல் போயின. கொஞ்ச நாளில் சாமான் தீர்ந்துவிட்டது. பாதி கட்டிய குடிசைகள் நிற்கின்றன, மேலே போட ஒரு பலகை இல்லை. எந்த அசோசியேஷன் கூட்டத்திலும் "நான் அப்பவே சொன்னேனே" என்று யாராவது எழுந்து நிற்கும் கட்டம் இது.

பெரியவர்கள் உள்ளே புகுந்து பங்கு பிரிக்கவில்லை. பிள்ளைகளில் சிலரே கிளம்பி ஊருக்குள் போய்ப் பழைய மரம் சேகரித்தார்கள். பதுக்கியது வெளியே வந்தது. தனித்தனிக் குடிசைகளை விட்டுவிட்டு இரண்டு மூன்று பேர் சேர்ந்து கட்ட ஆரம்பித்தார்கள். புதிய சாமான் வந்தபோது பழைய சண்டை திரும்ப வரவில்லை.

இந்தக் கதையை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். முதல் நாளே "வரிசையில் நில்லுங்க, ஆளுக்கு நாலு பலகை" என்று ஒருவர் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்காது, உண்மைதான். பலகை தீர்ந்துபோகும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. 'புதிதாக முயன்று பார்' என்று பிள்ளைகளிடம் நாம் சொல்லும்போது நாம் நினைப்பது வெற்றி பெறும் முயற்சியை மட்டும். அந்த நாட்களில் அங்கே நடந்தது படுதோல்வி. அதை நடக்க விட்டதுதான் அந்தப் பெரியவர்கள் எடுத்த ரிஸ்க்.

பயம் எப்போது ஜெயித்தது?

1960களிலும் 70களிலும் இந்த மைதானங்கள் பரவின. 1967இல் பெர்லினின் மார்க்கிஷஸ் ஃபியர்டல் குடியிருப்பில் வந்தது. லேடி ஆலன் ஊனமுற்ற பிள்ளைகளுக்காகவே ஒரு சாகச மைதானத்தை 1970இல் செல்சியில் திறக்க வைத்தார். அவருடைய புத்தகத்தை ஜப்பானிய மொழியில் பெயர்த்த ஓமுரா தம்பதியின் முயற்சியால் 1979இல் டோக்கியோவின் செதகாயாவில் ஹனேகி பிளேபார்க் வந்தது. 'உன் பொறுப்பில் நீ சுதந்திரமாக விளையாடு' என்பது அங்கே கொள்கை. இன்றும் நடக்கிறது.

அதே நேரத்தில் எதிர்த் திசையிலும் ஒரு அலை கிளம்பியது. 1978இல் சிகாகோ பூங்கா ஒன்றில் சிறு குழந்தை ஒன்று உயரமான சறுக்குமரத்தின் மேலிருந்து கீழே அஸ்பால்ட் தரையில் விழுந்து மூளையில் பலமாக அடிபட்டது. குடும்பம் வழக்குப் போட்டது. 1985இல் பல மில்லியன் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. நியாயமான வழக்கு. அந்தக் குழந்தையின் வாழ்க்கையே மாறிவிட்டது. இதற்கிடையே 1981இல் அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் மைதானங்களுக்கான முதல் கையேட்டை வெளியிட்டது. அது வெறும் பரிந்துரைதான். ஆனால் வழக்குக்குப் பயந்த நகராட்சிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் அது சட்டம் மாதிரி ஆகிவிட்டது. உயரம் குறைந்தது, சுழல்கிறவை போயின, ரப்பர் தரை வந்தது. உலகம் முழுக்க ஒரே மாதிரி பிளாஸ்டிக் சறுக்குமரம். எங்கள் குடியிருப்பில் இருப்பதும் அதேதான், சிவப்பும் மஞ்சளும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

நார்வே ஆய்வாளர் எலன் சான்ட்செட்டர் 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளிடமும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களிடமும் பேசி, கவனித்து, ஆபத்து கலந்த விளையாட்டை ஆறாகப் பிரித்தார்: உயரம், வேகம், ஆபத்தான கருவி, நெருப்பு–தண்ணீர் போன்ற ஆபத்தான இடம், கட்டிப் புரண்டு சண்டை, யார் கண்ணிலும் படாமல் தனியே போவது. என் சிறு வயதை வைத்துப் பார்த்தேன். புளியமரம், நுங்கு வண்டி, அரிவாள், கிணறு, கபடி, மத்தியான வெயிலில் ஊர் சுற்றியது. ஆறும் இருந்தன, பத்து வயதுக்குள். என் மகளுக்கு எத்தனை என்று எண்ணினேன். சைக்கிள் வேகம் ஒன்று. அதுவும் ஹெல்மெட்டோடு, காம்பவுண்டுக்குள்.

'அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாம்' என்று புராணம் பாட எனக்கு விருப்பமில்லை. எங்கள் ஊர்க் கிணற்றில் பிள்ளைகள் செத்தும் இருக்கிறார்கள். பிழைத்தவன்தான் இங்கே உட்கார்ந்து பிளாக் எழுதுகிறான். அதனால் எண்களைப் பார்ப்போம்.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972–73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அதிலிருந்து 1998இல் ஒரு கட்டுரை வந்தது. ஐந்து வயதிலிருந்து ஒன்பது வயதுக்குள் விழுந்து பலமாக அடிபட்டவர்களுக்கு, பதினெட்டு வயதில் உயரத்தைக் கண்டால் பயம் அதிகமாக இருக்கிறதா? இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. பயம் இல்லாதவர்களிடம்தான் அப்படி விழுந்த அனுபவம் அதிகமாக இருந்தது. ஒன்று கவனிக்க வேண்டும்: விழுந்ததால் பயம் போயிற்றா, பயமில்லாத பிள்ளைதான் அதிகம் ஏறி அதிகம் விழுந்ததா என்பதை இதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் 'ஒருமுறை விழுந்தால் ஜென்மத்துக்கும் பயந்துவிடும்' என்று நாம் சொல்வது அவ்வளவு நேரானதல்ல என்று தெரிகிறது.

இரண்டாவது ஆய்வும் நியூசிலாந்துதான், தொடக்கப்பள்ளிகளில். ஆக்லாந்தில் உள்ள ஸ்வான்சன் என்ற பள்ளி, இடைவேளையில் மரம் ஏறாதே, ஓடாதே என்ற விதிகளை எடுத்துவிட்டு, பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள், ஒருவரையொருவர் கொடுமை செய்வது குறைந்தது என்று தலைமையாசிரியர் சொன்னது உலகச் செய்தி ஆனது. ஆனால் ஒரு பள்ளியின் அனுபவம் ஆதாரம் ஆகாது. 16 பள்ளிகள், 840 பிள்ளைகள் என்று முறையாக நடந்த பரிசோதனையின் முடிவு 2017இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்தது. பாதிப் பள்ளிகளில் விளையாட்டில் சவாலையும் சுதந்திரத்தையும் கூட்டினார்கள், மீதியில் எப்போதும் போல. முடிவு செய்தித்தாள் தலைப்பு மாதிரி பளிச்சென்று இல்லை. மாற்றிய பள்ளிகளில் தள்ளுமுள்ளு அதிகம் என்று பிள்ளைகளே சொன்னார்கள். ஆனால் டீச்சரிடம் போய்ப் புகார் சொல்வது குறைந்தது. பள்ளிக்கூடத்தில் சந்தோஷமாக இருக்கிறோம் என்று சொன்னவர்களும் அங்கேதான் அதிகம்.

எனக்கு இந்த முடிவு பிடித்திருந்தது. இடிபடுவதும் சந்தோஷமும் ஒன்றாகவே வந்திருக்கின்றன.

பிரிட்டனில் வேலையிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பே 2012இல் ஒரு அறிக்கை வெளியிட்டு, பிள்ளைகளின் விளையாட்டில் ரிஸ்க்கை முழுக்கத் துடைத்தெறிவது நோக்கமல்ல, பயனையும் சேர்த்து எடை போடுங்கள் என்று சொல்லிவிட்டது. அதே 2012இல் வேல்ஸில் ரெக்ஸம் பக்கத்தில் பிளாஸ் மடாக் என்ற இடத்தில் 'தி லேண்ட்' என்று ஒரு புதிய காயலாங்கடை மைதானமும் திறந்தார்கள். எம்ட்ரப்புக்கு எழுபது வருடம் கழித்து, அதே டயர், அதே பலகை, அதே கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பெரியவர்கள்.

கம்பி சுற்றியது

இந்தத் துறையில் எழுதுகிறவர்கள் இரண்டு சொற்களைக் கவனமாகப் பிரிக்கிறார்கள். ஒன்று ரிஸ்க்: பிள்ளை தன் கண்ணால் பார்த்து எடை போடக்கூடியது. உயரம் தெரிகிறது, ஏறலாமா வேண்டாமா என்று தானே முடிவு செய்யலாம். இன்னொன்று மறைந்திருக்கும் ஆபத்து: பிள்ளையால் பார்க்கவே முடியாதது. துருப்பிடித்த போல்ட், உளுத்த பலகை. முதலாவதைப் பிள்ளையிடம் விட வேண்டும். இரண்டாவதை நீக்குவது பெரியவர் பொறுப்பு. எம்ட்ரப்பில் பெர்டெல்சன் நின்றது அதற்கும்தான்.

இதைப் படித்த அன்றைக்கு எனக்கு உறைத்தது. அந்தப் பையன் எப்படி விழுந்தான் என்று நாங்கள் யாரும் கேட்கவே இல்லை.

என் பிழைப்பே இதுதான். ஆபீஸில் சர்வர் விழுந்தால், ஏன் விழுந்தது என்று அடிவேர் வரை போய் அறிக்கை எழுதாமல் யாரும் எதையும் அழிக்க விடமாட்டேன். 'பிரச்சினை வந்தது, அந்தப் பகுதியையே தூக்கிவிட்டேன்' என்று ஒரு ஜூனியர் வந்து சொன்னால் அவரை நான் சும்மா விடமாட்டேன். அதையே வீட்டு வாசலில் பத்து நிமிடத்தில் கை தூக்கிச் செய்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் பையன் வீட்டுக்குப் போனேன். கட்டுப் பிரித்தாகிவிட்டது. உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தான்.

"அன்னைக்கு எப்படிடா விழுந்தே?" என்றேன்.

"மூணாவது கம்பி சுத்துச்சு அங்கிள். எப்பவும் சுத்தும். அதை விட்டுட்டு நாலாவதைப் புடிக்கணும். அன்னைக்கு மறந்துட்டேன்."

எப்பவும் சுற்றும். எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். என் மகளிடம் கேட்டேன், அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு வெல்டு விட்டுப்போயிருக்கிறது. இருநூறு ரூபாய் வேலை. கீழே ரப்பர் இல்லை, மணல் இல்லை, சிமெண்ட் தரை. அதையும் நாங்கள் யோசிக்கவில்லை.

பையனின் அம்மா காபி கொண்டுவந்தார். "கம்பியை எடுத்தது உங்களுக்கு நிம்மதியா இருந்திருக்கும் இல்ல?" என்று கேட்டேன்.

"நாங்க எடுக்கச் சொல்லவே இல்லையே சார். யாரும் எங்ககிட்ட கேக்கலை. இவனால போச்சுன்னு மத்த பசங்க இவன்கிட்ட ஒரு வாரம் பேசலை."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

போன மாதக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். கோபன்ஹேகன், மினியாபொலிஸ் எல்லாம் சொல்லவில்லை, அடிக்க வருவார்கள். மூன்றாவது கம்பி சுற்றியதைச் சொன்னேன். கை தூக்கியது என் தப்பு என்றும் சொன்னேன். மங்கி பாரைத் திரும்ப வைக்க ஒத்துக்கொள்ளவில்லை. "அடுத்த தடவை தலையில அடிபட்டா யார் சார் பொறுப்பு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. அந்தச் சிகாகோ குழந்தையைத் தெரிந்துகொண்டு என்னால் அதைச் சிரித்து ஒதுக்க முடியவில்லை.

கிடைத்தது இது: ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம், மோட்டார் ரூமுக்குப் பின்னால், மணல், பழைய டயர், பலகை, கயிறு. பெற்றோர் இரண்டு பேர் முறைவைத்து நிற்க வேண்டும். ரம்பமும் ஆணியும் கூடாது. முதல் வேலையாகப் பலகைகளில் இருந்த துரு ஆணிகளைப் பிடுங்கிப்போட்டேன். மூன்று ஞாயிறு முடிந்திருக்கிறது. முதல் ஞாயிறு முழுக்கச் சண்டை, டயர் யாருக்கு என்று. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு முறை வாயைத் திறந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது ஞாயிறு ஒரு பாலம் மாதிரி கட்டினார்கள், அது சரிந்தது. மூன்றாவது ஞாயிறு மறுபடி கட்டினார்கள். என் மகள் அதில் ஏறுவதற்கு முன் காலால் நாலு முறை மிதித்துப் பார்த்தாள். "ஆடுதுடா, அந்தப் பக்கம் இன்னொரு கல்லு வை" என்று கீழே இருந்தவனிடம் சொன்னாள். கல் வைத்தவன், முன்பு கட்டுப் போட்டிருந்த அதே பையன்.

மங்கி பார் விஷயத்தை அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுப்பேன். இந்தத் தடவை வெல்டிங் செலவு, கீழே மணல் கொட்டும் செலவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை யார் கம்பிகளைச் சுற்றிப் பார்ப்பது என்ற பட்டியல், மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன். உங்கள் குடியிருப்பிலோ பிள்ளையின் பள்ளிக்கூடத்திலோ இதுபோல எதையாவது எடுத்திருந்தால், முதலில் அங்கே விளையாடிய பிள்ளைகளிடம் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள்.